துறைமுகங்களில் இராணுவத் தளவாடப் போக்குவரத்தும் செயற்கை நுண்ணறிவும்: ஒரு விளக்கம்

முன்னுரை

போர் என்றவுடன் களமும் படைக்கலமும் படைத்தலைவனும் நினைவுக்கு வருதல் இயல்பு. புறப்பாடல்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்க்கு அது பழகிய உலகம். ஆயினும் களத்தில் நிற்கும் வீரனுக்கு உணவும் மருந்தும் எரிபொருளும் வெடிபொருளும் உரிய நாளில் சென்று சேர்வதற்குப் பின்னால் இயங்கும் பெரும்பணி குறைவாகவே பேசப்படுகிறது. கடல் கடந்து நிகழும் போர்களில் அப்பணியின் மிகக் குறுகலான வாயில் துறைமுகமே ஆகும். பெரும்படை ஒன்றின் கவச வண்டிகளையும் கொள்கலன்களையும் வான்வழியே கொண்டு செல்ல இயலாது. அவற்றில் பெரும்பகுதி கப்பலில்தான் செல்ல வேண்டும். கப்பலில் செல்வது யாவும் இரண்டு துறைமுகங்களைக் கடந்தாக வேண்டும்.

இந்த வாயிலில் ஏற்படும் நெருக்கடியைக் குறைக்கச் செயற்கை நுண்ணறிவு எவ்வாறு பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது, அதனால் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் மிக நீண்ட வரலாறும் வெளிப்படையான பதிவுகளும் உடையது அமெரிக்க இராணுவம் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே எடுக்கப்பட்டுள்ளன. போரின் நியாய அநியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும் பொறியிடம் ஒப்படைக்கும் முடிவுகளுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவைத் தவிர்த்துவிட்டு இப்பொருளைப் பேச முடியாது.

கலைச்சொற்கள்

‘தளவாடம்’ என்னும் சொல் கருவி, உபகரணம் ஆகிய பொருள்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவற்றைத் திரட்டி, கணக்கிட்டு, ஏற்றி, நகர்த்தி, உரிய இடத்தில் வழங்கும் முழுச் செயலையும் குறிக்கத் ‘தளவாடவியல்’, ‘ஏற்பாட்டியல்’ என இரு சொற்கள் வழக்கில் உள்ளன. பொருளைக் காட்டிலும் ஒழுங்கமைப்பை முன்னிறுத்துவதால் பின்னது நுட்பமானது எனலாம். ஆயினும் இராணுவச் சூழலில் முன்னதே பரவலாக அறியப்பட்டிருப்பதால் இங்கு அதுவே பயன்படுத்தப்படுகிறது.

‘செயற்கை நுண்ணறிவு’ என்பது ஒரே நுட்பத்தின் பெயரன்று. வல்லுநரின் அறிவை விதிகளாக எழுதி வைக்கும் முறை, எண்ணற்ற வாய்ப்புகளிடையே ஏற்றதொன்றைத் தேடும் திட்டமிடல் முறை, பழைய தரவுகளிலிருந்து தானே ஒழுங்குகளைக் கண்டறியும் பொறிக்கற்றல் முறை என இதனுள் வெவ்வேறு மரபுகள் உள்ளன. இன்று பலரும் மூன்றாவதை மட்டுமே செயற்கை நுண்ணறிவு எனக் கருதுகின்றனர். துறைமுகத் தளவாடப் பணியில் முதலில் பயன் தந்தவை முன்னைய இரண்டே என்பது கருதத்தக்கது.

துறைமுகம் என்னும் குறுகிய வாயில்

வணிகச் சரக்கேற்றத்திற்கும் போர்ச் சரக்கேற்றத்திற்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. வணிகர் கப்பலின் இடத்தை வீணாக்காமல் நிரப்ப விரும்புவர். படையினருக்கோ இறங்கும் வரிசையே முதன்மையானது. கரை சேர்ந்தவுடன் தேவைப்படும் பொருள் கடைசியில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அப்பொழுதுதான் அது முதலில் வெளிவரும். இதனைப் ‘போர்முறை ஏற்றம்’ எனலாம். இதற்காகக் கப்பலில் ஓரளவு இடம் வெறுமையாகக் கிடந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும்.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தால் நேர்வதை 1942ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூசிலாந்தின் வெலிங்டன் துறைமுகம் காட்டியது. குவாடல்கனால் தீவில் தரையிறங்க வேண்டிய அமெரிக்க முதலாம் மரைன் படைப்பிரிவின் பொருள்கள் வணிக முறையில் ஏற்றப்பட்டு அங்கு வந்து சேர்ந்தன. அவை அனைத்தையும் அவோட்டியா துறைமேடையில் இறக்கிப் போர்முறையில் மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று. குளிர்கால மழை விடாது பெய்தது. அட்டைப் பெட்டிகள் நனைந்து கரைந்தன. உணவுப் பொருள்கள் சேறாகித் துறைமேடையெங்கும் சிதறின. வீரர்களே முறைவைத்து இரவும் பகலும் சுமை தூக்கினர். பகைவரை எதிர்கொள்வதற்கு முன்னரே அப்படை பொருளையும் நாள்களையும் வலிமையையும் துறைமேடையில் இழந்தது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1982ஆம் ஆண்டு ஃபாக்லாந்துப் போரின்போது பிரித்தானியக் கப்பல்கள் அவசரமாக நிரப்பப்பட்டுப் புறப்பட்டன. எப்பொருள் எக்கப்பலில் எங்கே உள்ளது என்பது தெளிவாக இல்லாமையால், நடுவழியில் அசென்ஷன் தீவின் அருகே நங்கூரமிட்டுச் சரக்குகளை மாற்றி அடுக்கினர். அத்தீவில் பெருங்கப்பல்கள் அணையும் துறைமேடை இல்லாமையால் அப்பணி மேலும் கடினமாயிற்று.

வியட்நாம் போர் வேறொரு பாடத்தைத் தந்தது. 1965ஆம் ஆண்டில் படை பெருகியபோது சைகோன் துறைமுகம் திணறியது. கப்பல்கள் வாரக்கணக்கில் வெளிக்கடலில் காத்துக் கிடந்தன. மால்கம் மெக்லீனின் சீலேண்ட் நிறுவனம் கொள்கலன் போக்குவரத்தைக் காம் ரான் விரிகுடாவிற்கு 1967ஆம் ஆண்டில் கொண்டு வந்த பின்னரே நெருக்கடி தணியத் தொடங்கியது. கொள்கலன் ஏற்றியிறக்கும் காலத்தைக் குறைத்தது. ஆனால் அது புதியதொரு சிக்கலையும் உடன் கொணர்ந்தது. மூட்டையாகவும் பெட்டியாகவும் வந்தபோது கண்ணுக்குத் தெரிந்த பொருள், இப்போது இரும்புச் சுவருக்குள் மறைந்துவிட்டது.

அடுக்குதலின் கணக்கு

சரக்கை அடுக்குதல் எளிய வேலை போலத் தோன்றும். 20 வண்டிகளை 20 இடங்களில் நிறுத்த வேண்டும் எனக் கொள்வோம். அவற்றை நிறுத்தக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை 24,000 கோடி கோடிக்கும் அதிகம். வண்டிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் கப்பலில் எல்லா வரிசைகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து சிறந்ததைத் தெரிவு செய்தல் எக்கணினிக்கும் இயலாத செயல்.

இத்துடன் பல கட்டுப்பாடுகளும் சேர்கின்றன. பாரம் ஒருபுறம் கூடினால் கப்பல் சாயும். மேல்தளத்தில் மிகுந்தால் நிலைப்புத்தன்மை குன்றும். ஒவ்வொரு தளமும் தாங்கும் எடைக்கு வரம்புண்டு. கவச வண்டி ஏறும் சாய்தளத்தின் அகலமும் கதவின் உயரமும் இடந்தர வேண்டும். ஒன்றாக வைக்கக் கூடாத பொருள்களும் பல. அனைத்துலகக் கடல்சார் அபாயப் பொருள் விதித்தொகுப்பு, அபாயப் பொருள்களை 9 வகுப்புகளாகப் பிரித்து, எது எதிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என வரையறுக்கிறது. இவற்றிற்கெல்லாம் மேலாக, ஒரே படைப்பிரிவின் பொருள்கள் சிதறாமல் ஒன்றாக இருத்தலும், இறங்கும் வரிசையில் அமைதலும் வேண்டும்.

அனுபவமிக்க சரக்கேற்றத் திட்ட அலுவலர் இவற்றை மனத்திற்கொண்டு, கப்பலின் வரைபடத்தின்மேல் வண்டிகளின் அளவுக்கு வெட்டிய அட்டைத் துண்டுகளை நகர்த்தி நகர்த்தித் திட்டம் வகுப்பது பழைய முறை. ஒரு கப்பல் வராது போனாலோ, வேறு கப்பல் வந்தாலோ அவ்வுழைப்பு முழுவதும் வீணாகும். எனவே நல்ல திட்டத்தை வகுக்கும் ஆற்றலைக் காட்டிலும், உடைந்த திட்டத்தை விரைவில் சீர்செய்யும் ஆற்றலே இங்கு மிகுதியாக வேண்டப்படுகிறது.

வளைகுடாப் போரும் டார்ட் செயலியும்

1990ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஈராக், குவைத்தைக் கைப்பற்றியது. அமெரிக்கா தன் படைகளைச் சவூதி அரேபியாவிற்கு நகர்த்தத் தொடங்கியது. அதிவேகச் சரக்குக் கப்பல்கள் எட்டு இதற்கென ஆயத்தமாக இருந்தன. அவற்றுள் அன்டாரஸ் என்னும் கப்பல், ஜார்ஜியா மாநிலத்தின் சவானா துறைமுகத்தில் 24ஆம் காலாட்படைப் பிரிவின் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, அட்லாண்டிக் நடுவே இயந்திரம் பழுதாகி நின்றது. அதனை ஸ்பெயினின் ரோட்டா துறைமுகத்திற்கு இழுத்துச் செல்ல நேர்ந்தது. ஒரு கப்பல் நின்றதால் ஒரு படைப்பிரிவின் வருகை வரிசையே குலைந்தது. உடைந்த திட்டத்தைச் சீர்செய்தல் என மேலே கூறப்பட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இச்சூழலில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்ப்பாவின் ஆதரவில் உருவான டார்ட் என்னும் செயலி பயன்பாட்டுக்கு வந்தது. ‘மாறும் நிலையை ஆராய்ந்து மறுதிட்டமிடும் கருவி’ என்பது அப்பெயரின் விரிவுக்கு நேரான பொருள். வண்டி, சரக்கு, ஆள் என ஒரே வேளையில் 50,000 வரையிலான அலகுகளின் புறப்பாட்டிடம், சேருமிடம், வழி ஆகியவற்றைக் கணக்கிட்டு, அவற்றிடையே எழும் முரண்களைத் தீர்த்துத் திட்டம் வகுக்க அது உதவியது. பழைய முறையில் வாரக்கணக்கில் எடுத்த பணி மணிக்கணக்கில் முடிந்தது. செயற்கை நுண்ணறிவு ஆய்வில் தான் 30 ஆண்டுகளாக முதலீடு செய்த தொகையை இந்த ஒரு செயலியே ஈடுசெய்துவிட்டது என டார்ப்பா கூறியது. ஸ்டூவர்ட் ரஸ்ஸல், பீட்டர் நார்விக் ஆகிய இருவரும் எழுதிய செயற்கை நுண்ணறிவுப் பாடநூல் வழியாக இச்செய்தி பல்கலைக்கழக மாணவரிடையே பரவியது.

ஆனால் இவ்வெற்றிக் கதையின் மறுபக்கம் சவூதி அரேபியாவின் தம்மாம், ஜுபைல் துறைமுகங்களில் இருந்தது. போருக்காக அனுப்பப்பட்ட கொள்கலன்கள் ஏறத்தாழ 40,000. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவற்றை, உள்ளே இருப்பது யாது என்று அறிவதற்காகவே திறந்து பார்க்க வேண்டியிருந்தது. குவிந்து கிடந்த கொள்கலன்களைப் படையினர் ‘இரும்பு மலை’ என்றனர். தேவைப்பட்ட பொருள் துறைமுகத்திலேயே இருக்க, அது கிடைக்கவில்லை எனக் கருதி மீண்டும் கேட்டு எழுதினர். மலை மேலும் வளர்ந்தது. நகர்வைத் திட்டமிடும் அறிவு முன்னேறியிருந்தது. நகர்ந்த பொருள் இன்னதென அறியும் வழி முன்னேறவில்லை.

துறையில் குவிந்த பொருளை அடையாளமிட்டு அறிதல் பழைய தேவை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மலைபோற் குவிந்த பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை கூறுவது நாம் அறிந்ததே. அப்பொறி சுங்கத்திற்காக இடப்பட்டது. எனினும் பொருளின் மேல் அதன் நிலையைப் பதிவு செய்தல் என்னும் கருத்து ஒன்றே. வளைகுடாப் போரின் பின்னர் அமெரிக்க இராணுவம் வானலை அடையாளச் சில்லுகளை நாடியது. 2003ஆம் ஆண்டு ஈராக்கியப் போரின்போது கொள்கலன்களில் அச்சில்லுகள் பொருத்தப்பட்டு, துறைமுக வாயிலைக் கடக்கும்போதே உள்ளடக்கப் பட்டியல் படிக்கப்பட்டது. சில்லு அறிவுடைய பொருளன்று. ஆனால் அது தரும் தரவு இல்லையேல் எந்த நுண்ணறிவும் வெறும் ஊகமே.

முகவர் நிரல்கள்: ஐகோட்ஸ்

துறைமேடையில் நேரடியாகப் பயன்பட்ட செயற்கை நுண்ணறிவுக்குச் சிறந்த சான்று ஐகோட்ஸ் என்னும் கப்பற்சரக்குத் திட்டமிடல் தொகுப்பாகும். கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரிலுள்ள பலதொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பங்களிப்புடன் உருவான இது, 1990களின் பிற்பகுதியில் அமெரிக்க இராணுவத் துறைமுகப் பணிக்கு வந்தது.

இதன் அமைப்பு கவனத்திற்குரியது. அனைத்தையும் அறிந்த ஒரே பெருநிரலாக இது வடிவமைக்கப்படவில்லை. தனித்தனி அறிவுடைய பல ‘முகவர் நிரல்கள்’ ஒருங்கே இயங்குகின்றன. ஒன்று பொருள்களை இடத்தில் அமர்த்தும். மற்றொன்று கப்பலின் சாய்வையும் நிலைப்புத்தன்மையையும் கணக்கிடும். வேறொன்று, வண்டி அவ்விடத்தை அடைய வழியுண்டா, சாய்தளத்தையும் கதவையும் கடக்குமா என ஆராயும். இன்னொன்று அபாயப் பொருள்களின் இடைவெளியைச் சரிபார்க்கும். ஒரு பொறுப்பாளர் குழுவில் பொறியாளரும் பாதுகாப்பு அலுவலரும் சரக்குக் கணக்கரும் அமர்ந்து ஒரே வரைபடத்தைப் பார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

திட்ட அலுவலர் திரையில் ஒரு வண்டியை நகர்த்தினால், அந்நகர்வால் எழும் குறைகளை உரிய முகவர் உடனே அறிவிக்கும். வெடிபொருள் வண்டியின் அருகே எரிபொருள் வண்டி நிறுத்தப்பட்டால் எச்சரிக்கை தோன்றும்; அதன் காரணமும் விதியும் காட்டப்படும். முடிவு செய்பவர் அலுவலரே. விதிகளால் ஆன அறிவின் பெருஞ்சிறப்பு இதுதான்: ‘ஏன்’ என்று கேட்டால் அது விடை தரும்.

கற்கும் பொறிகள்

கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக முன்னணிக்கு வந்திருப்பது பொறிக்கற்றல் முறை. துறைமுகத்தில் இதன் பயன்பாடுகளுள் சில வணிகத் துறைமுகங்களில் உறுதிப்பட்டுவிட்டன.

முதலாவது, அடையாளம் காணல். கொள்கலனின் மேல் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட குறியீடு எழுதப்பட்டிருக்கும். இறுதி இலக்கம், முன்னுள்ளவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் சரிபார்ப்பு எண். வாயிலிலுள்ள ஒளிப்படக் கருவி குறியீட்டைப் படிக்க, கற்ற நிரல் மங்கிய எழுத்தையும் கண்டறிய, சரிபார்ப்பு எண் பிழையைக் காட்டிக் கொடுக்கும். காகிதத்தில் எழுதுவதால் நேரும் தவறு இதனால் பெரிதும் குறைகிறது.

இரண்டாவது, வருகையை முன்கணித்தல். அனைத்துலகப் பயணம் மேற்கொள்ளும் 300 மொத்த டன் அளவுக்குக் குறையாத கப்பல்கள் தம் இருப்பிடத்தை வானலையில் அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவியைக் கொண்டிருக்க வேண்டும் என்னும் விதி 2004ஆம் ஆண்டின் இறுதிக்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இவ்வறிவிப்புகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துள்ளமையால், கப்பல் எப்போது வரும், துறைமேடை எப்போது ஒழியும் என்பவற்றைப் பொறி கற்றுக் கூற இயலுகிறது. அதற்கேற்ப லாரிகளையும் இரயில் பெட்டிகளையும் அழைக்கலாம்.

மூன்றாவது, பழுதை முன்னறிதல். பாரந்தூக்கியின் அதிர்வும் வெப்பமும் மாறுவதைக் கொண்டு, அது நின்றுபோகும் முன்னரே பழுதுபார்க்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். அன்டாரஸ் போன்ற பழைய கப்பல்களின் இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். போர்க்காலத்திற்கென ஒதுக்கி வைக்கப்பட்டு நெடுநாள் அசையாதிருக்கும் கப்பல்களில் எது உண்மையில் புறப்படும் என அறிதல் படைத்திட்டத்தின் அடித்தளமாகும்.

வரம்புகள்

மேற்கண்ட பயன்கள் மெய்யானவை. ஆயினும் வணிகத் துறைமுகத்தில் தேர்ந்த பொறி இராணுவப் பணியிலும் அவ்வாறே தேறும் எனக் கொள்ளுதல் தவறு.

பொறிக்கற்றல், நாளையும் நேற்றைப் போலவே இருக்கும் என்னும் எடுகோளின் மேல் நிற்கிறது. வணிகத் துறைமுகம் ஒரே செயலை நாள்தோறும் ஆயிரம் முறை செய்கிறது. கற்பதற்குத் தரவு மலிந்துள்ளது. பெரும் படைநகர்வோ பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது. ஒவ்வொரு முறையும் இடமும் கப்பலும் பகைவரும் வேறு. அமைதிக் காலத்தில் கற்ற பொறி போர்க்காலத்தில் புதிய மாணவனே. மேலும், போர்க்காலத்தில் கப்பல்கள் தம் இருப்பிட அறிவிப்பை நிறுத்திவிடலாம். பகைவர் பொய் அறிவிப்பைப் பரப்பலாம். எத்தரவைக் கொண்டு பொறி கற்றதோ அத்தரவே முதலில் மறைகிறது.

அடுத்தது இணையத் தாக்குதல். 2017ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் நாட்பெட்யா என்னும் தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியது. அந்நிறுவனம் 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் பத்து நாள்களில் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. அதன் துறைமுக முனையங்கள் பலவற்றில் வாயிலில் நின்ற லாரி எதுவென்றுகூட அறிய இயலவில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகத்தின் கொள்கலன் பணி இத்தகைய தாக்குதலால் இரண்டு நாள்களுக்கும் மேலாகத் தடைப்பட்டது. நாட்பெட்யா உக்ரைனைக் குறிவைத்து ஏவப்பட்டது. மெர்ஸ்க் அதன் நேரிலக்கு அன்று. உண்மையான போரில் துறைமுகம் தற்செயலாகத் தாக்கப்படாது; திட்டமிட்டே தாக்கப்படும். எல்லா முடிவுகளையும் ஒரே கணினித் தொகுப்பில் குவிப்பது பகைவனுக்கு ஒரே இலக்கைத் தருவதாகும்.

இறுதியாக, கடலும் காற்றும் நிரலுக்குக் கட்டுப்படுவன அல்ல. காஸா மக்களுக்கு உதவிப் பொருள் இறக்க அமெரிக்க இராணுவம் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் மிதக்கும் துறைமேடை ஒன்றைக் கரையில் இணைத்தது. சில நாள்களிலேயே கடல் கொந்தளிப்பில் அது உடைந்தது. பழுதுபார்க்கப்பட்டுப் பின்னரும் பலமுறை அகற்றப்பட்டது. ஜூலையில் பணி முடிவுற்றபோது அது உண்மையில் இயங்கிய நாள்கள் ஏறத்தாழ 20 மட்டுமே. இறங்கிய உணவும் கரையிலிருந்து மக்களைச் சென்றடைய வழியின்றித் தேங்கியது. துறைமுகத்தில் சேரும் பொருளுக்கு அப்பால் சாலையும் பாதுகாப்பும் இல்லையெனில், உகந்த அடுக்குத் திட்டத்தால் யாருக்கும் உணவு கிடைப்பதில்லை.

எதை மிகுவிப்பது? யார் பொறுப்பு?

எத்திட்டமிடல் பொறிக்கும் ஒரு குறிக்கோள் வகுத்துத் தரப்பட வேண்டும். நேரத்தைக் குறைப்பதா, எடையைக் கூட்டுவதா, இடரைத் தவிர்ப்பதா என்பதைப் பொறி தானே தீர்மானிப்பதில்லை. தரப்பட்ட குறிக்கோளை அது சலிப்பின்றி நிறைவேற்றும். தவறான குறிக்கோளையும் அவ்வாறே நிறைவேற்றும். இதன் பொருளை உணர்த்தும் இரு நிகழ்வுகள், கணினிகள் துறைமேடைக்கு வருவதற்கு முன்னர், 1944ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தன.

அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்னும் கப்பல் வெடித்துச் சிதறியது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. இடைவழியில் கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் மசகெண்ணெயும் அதே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. போர்க்காலக் கப்பல் பற்றாக்குறையில் வெற்றிடம் எதுவும் வீணாகக்கூடாது என்பதே அன்றைய குறிக்கோள். பஞ்சில் பற்றிய தீ வெடிபொருளை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அவ்வேளையில் கப்பலை மூழ்கடிப்பதா, வெளியே இழுப்பதா என முடிவெடுக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதே தெளிவாகவில்லை. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், துறையைச் சூழ்ந்த குடியிருப்புகள் எரிந்தன. அந்நாளே இன்றும் இந்தியாவில் தீயணைப்புப் பணி நாளாக நினைவுகூரப்படுகிறது.

மூன்று மாதங்களுக்குப் பின்னர், ஜூலை 17ஆம் நாள், கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோ கடற்படைத் துறையில் வெடிபொருள் ஏற்றிக் கொண்டிருந்தபோது 320 பேர் மாண்டனர். அவர்களுள் 202 பேர் சுமையேற்றும் பணிக்கென ஒதுக்கப்பட்ட கறுப்பினக் கடற்படையினர். அவர்களுக்கு வெடிபொருளைக் கையாள்வதில் முறையான பயிற்சி தரப்படவில்லை. மணிக்கு எத்தனை டன் என்னும் கணக்கில் குழுக்களுக்கிடையே போட்டி மூட்டப்பட்டிருந்தது. விபத்தின் பின்னர் அதே நிலையில் மீண்டும் பணிபுரிய மறுத்தவர்களுள் 50 பேர் கலகக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். அத்தண்டனைகளை அமெரிக்கக் கடற்படை விலக்கிக் குற்றமற்றோர் என அறிவித்தது, 80 ஆண்டுகளுக்குப் பின்னர், 2024ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாளில்தான்.

இன்றைய அபாய முகவர் நிரல் ஒன்று இருந்திருப்பின் பஞ்சும் வெடிபொருளும் ஒரே கப்பலில் சேர்வதை எச்சரித்திருக்கும், ஐயமில்லை. ஆனால் எச்சரிக்கையைப் புறக்கணிக்க மேலிடம் ஆணையிட்டிருந்தால் விளைவு மாறியிருக்காது. போர்ட் சிகாகோவில் பொறி இருந்திருப்பின், மணிக்கு இத்தனை டன் என்னும் இலக்கை அது மேலும் துல்லியமாகக் கண்காணித்திருக்கவும் கூடும். ஆபத்து என்று கூறி நின்றவர்கள் சுமை தூக்கியவர்களே. அவர்களுடைய மறுப்பு ஒரு தகவல். அதனைப் பதிவு செய்யும் கட்டம் எத்தரவுத்தளத்தில் இருக்கும் என்பது எளிதாக ஒதுக்கத்தக்க வினாவன்று.

நம் வட்டாரம்

மலாக்கா நீரிணையின் இருகரைகளிலும் வாழும் நமக்கு இவ்விவாதம் தொலைவில் உள்ளதன்று. சிங்கப்பூர்த் துறைமுகம் தன் முனையப் பணிகளைக் கணினிவழி ஒருங்கிணைக்கும் சிட்டோஸ் தொகுப்பை 1988ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 2022ஆம் ஆண்டு முறையாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநரில்லா வண்டிகள் கொள்கலன்களைச் சுமக்கின்றன. 2040களில் முழுமை பெறும்போது அது ஆண்டிற்கு 20 அடிக் கொள்கலன் அளவில் 6.5 கோடி அலகுகளைக் கையாளும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது. இவை வணிக ஏற்பாடுகள். ஆனால் மேற்குப் பசிபிக் பகுதிக்கான அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவு 1992ஆம் ஆண்டு முதல் செம்பவாங்கில் இயங்கி வருகிறது. ஒரே நீர்வழியில் வணிகமும் பாதுகாப்பும் அருகருகே இயங்குவதை இது காட்டுகிறது.

செம்பவாங் பெயரைக் கேட்டவுடன் நம்மவர்க்கு வேறொரு நினைவும் எழும். பிரித்தானியக் கடற்படைத் தளமாக அது இருந்த காலத்தில் தமிழரும் மலையாளிகளும் அங்கு பெருந்தொகையினராகப் பணிபுரிந்தனர். தஞ்சோங் பகார், கிள்ளான், பினாங்கு ஆகிய துறைகளிலும் நம் முன்னோர் சுமை தூக்கினர். அத்தொழிலாளர் பலருடைய அறிவு ஏட்டில் எழுதப்படவில்லை. இன்று அப்பணியைப் பொறி ஏற்கும்போது, அவ்வறிவின் எப்பகுதி விதியாகவும் தரவாகவும் உள்ளே சென்றது, எப்பகுதி விடுபட்டது என்பது வரலாற்று மாணவர்க்கும் உரிய ஆய்வுப் பொருளாகும்.

முடிவுரை

துறைமுகங்களில் இராணுவத் தளவாடப் பணிக்குச் செயற்கை நுண்ணறிவு பயன்படத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகின்றன. உடைந்த திட்டத்தை விரைவில் சீர்செய்தல், அடுக்குமுறையின் குறைகளைச் சுட்டுதல், பொருளை அடையாளம் காணல், பழுதை முன்னறிதல் ஆகியவற்றில் அதன் பயன் ஐயத்திற்கு இடமற்றது. டார்ட் செயலியின் வெற்றியையும் தம்மாமின் இரும்பு மலையையும் சேர்த்தே படிக்க வேண்டும். தரவின்றி அறிவில்லை என்பதே அவை இரண்டும் சேர்ந்து உணர்த்தும் உண்மை. எச்சரிக்கையின் காரணத்தை விளக்கவல்ல விதிமுறை நிரல்களும், ஏராளமான தரவிலிருந்து கற்கும் நிரல்களும் ஒன்றையொன்று நிறைவு செய்யத்தக்கன. காரணம் கூறாத பொறியிடம் வெடிபொருளின் இருப்பிடத்தை ஒப்படைத்தல் தகாது.

குறிக்கோளை வகுப்பவரும் எச்சரிக்கையை ஏற்பவரும் மறுப்பவரும் மனிதரே. ஆதலின் ஒவ்வொரு சரக்கேற்றத் திட்டத்திலும் பொறியின் பரிந்துரையுடன், அதனை ஏற்ற அலுவலரின் பெயரும், புறக்கணிக்கப்பட்ட எச்சரிக்கைகளும் அதற்குரிய காரணமும் பதிவாக வேண்டும். துறைமேடையில் நிற்கும் தொழிலாளி ‘நிறுத்துக’ என்று கூறினால் பணி நிற்க வேண்டும்; அதன் பின்னரே கணக்கு மறுபடியும் தொடங்கலாம்.